தூக்குது, ஆனா நிக்கல: ரிப்பேரா, புதுசா?

ஒரு மெஷின் சுத்தமா படுத்துருச்சுன்னா முடிவெடுக்கறது ஈஸிங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம், அவர் கையை விரிச்சா காயலான் கடைக்குப் போட்டுருவோம். பாதி உயிரோட இருக்குற மெஷின்கிட்டதான் தொல்லையே. தூக்குது, ஆனா தூக்கினது தூக்கினபடி நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு ஓடிருச்சு, நாளைக்கும் ஓடிரும்னு நாள் போயிட்டே இருக்கும்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். ரிப்பேர் பண்றதா, மாத்துறதாங்குறது எங்க பாடத்துல வர்ற கேள்வி. ரெண்டு காலம் போட்டு, தேய்மானம் கழிச்சு, எது கம்மியோ அதுக்கு டிக் அடிச்சா அஞ்சு மார்க். கிண்டி எஸ்டேட்ல என் மாமா பிரிண்டிங் பிரஸ் வெச்சிருக்கார். சனிக்கிழமை அங்க போய் டேலியில கணக்கு ஏத்துறது என் வேலை. அங்க இருந்த ஒரு பழைய ஸ்டாக்கரால இந்தக் கேள்வி காகிதத்துலேர்ந்து இறங்கி எங்க முன்னாடி வந்து நின்னுச்சு.

தெரியாதவங்களுக்கு: ஸ்டாக்கர்னா குட்டி ஃபோர்க்லிஃப்ட் மாதிரி. இஞ்சின் கிடையாது. முன்னாடி ரெண்டு ஃபோர்க், நடுவுல ஒரு கம்பம், பின்னாடி பம்ப் அடிக்க ஒரு கைப்பிடி. எங்க மாமாகிட்ட இருந்தது ஒரு டன் தூக்குறது. பேப்பர் ரீம் அடுக்கின பலகையைத் தூக்கி ரேக்ல வெக்கறதுக்கு.

கிண்டில இது ஒரு தனிக் கதை இல்ல. 1958-ல, காமராஜர் முதலமைச்சரா, ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சரா இருந்தப்ப ஆரம்பிச்ச எஸ்டேட் இது. இப்ப திரு.வி.க. தொழிற்பேட்டைன்னு பேரு. பாதி இடம் கண்ணாடி ஆபீஸா மாறியாச்சு. மிச்சம் இருக்குற ஷெட்டுகளுக்குள்ள எட்டிப் பாத்தா பேலட் டிரக், ஜாக்கி, ஸ்டாக்கர், கார் சர்வீஸ் லிஃப்ட்னு ஏதாவது ஒரு ஹைட்ராலிக் சமாச்சாரம் இருக்கும். அதுல நிறைய யாரோ பயன்படுத்திட்டு வித்தது.

முதல்ல அது எப்படித் தூக்குதுன்னு ரெண்டு வரி. 17ஆம் நூற்றாண்டுல பாஸ்கல் சொன்ன விஷயம்தான். அடைச்சு வெச்ச திரவத்துல ஒரு இடத்துல அழுத்தம் கொடுத்தா அது எல்லாப் பக்கமும் ஒரே அளவா பரவும். பம்ப்ல இருக்குற சின்ன பிஸ்டனோட பரப்பு 1 சதுர செ.மீ., தூக்குற பெரிய ராடோட பரப்பு 20 சதுர செ.மீ.னு வெச்சுக்குவோம். சின்னதுல 50 கிலோ அழுத்தினா பெருசு 1000 கிலோவைத் தூக்கும். சும்மா ஒண்ணும் கிடைக்கல. சின்னது 20 செ.மீ. இறங்கினாத்தான் பெருசு 1 செ.மீ. ஏறும். அதனாலதான் அத்தனை வாட்டி பம்ப் அடிக்க வேண்டியிருக்கு. இதை வெச்சு ஜோசப் பிராமா இங்கிலாந்துல 1795-ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பேடன்ட் வாங்கினார். கையில தூக்கிட்டுப் போற ஜாக்கிக்கு நியூயார்க்ல ரிச்சர்ட் டட்ஜன் 1851-ல வாங்கினார்.

இதுல ஒரு விஷயத்தை கவனிக்கணும். மேல நிக்குற சுமை முழுக்க அடைபட்ட எண்ணெயை நம்பித்தான் நிக்குது. அந்த எண்ணெய் வெளிய போகாம தடுக்குறது ஒரு ரப்பர் வளையம், ஆயில் சீல். விலை கம்மி. ஒரு டன்னுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல நிக்கிறது அதுதான்.

எங்க ஸ்டாக்கர்ல என்ன ஆச்சுன்னா, தூக்கி வெச்ச பலகை கால் மணி நேரத்துல ஒரு சாண் இறங்கிருச்சு. கீழ தரையில எண்ணெய்ச் சொட்டு. மாமா ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டார். எஸ்டேட்ல எல்லாரும் அவரை பாய்னுதான் கூப்பிடுவாங்க. முப்பது வருஷமா ஜாக்கி, பேலட் டிரக் மட்டும்தான் அவருக்கு வேலை.

பாய் டூல் பாக்ஸைத் திறக்கல. முதல்ல துணியை எடுத்து ராடைத் தொடைச்சார். "எண்ணெ வெளிய தெரியுது சார், அப்போ சீல்ல போகுது. வெளிய காஞ்சிருந்து சுமை மட்டும் இறங்குச்சுன்னா உள்ள வால்வுல அழுக்கு உக்காந்திருக்கும். அது ஃபிரீயாவே சரியாகிடும், கழுவி மாட்டினா போதும்."

அப்புறம் ராடு மேல கட்டைவிரல் நகத்தை வெச்சு மேலேர்ந்து கீழ மெதுவா ஓட்டினார். ஒரு இடத்துல நகம் மாட்டுச்சு. என் விரலைப் பிடிச்சு அங்க வெச்சார். கண்ணுக்கு சரியா தெரியாத ஒரு துருப் புள்ளி, ஆனா நகத்துக்குத் தெரியுது. "புது சீல் போட்டாலும் இந்தப் பள்ளம் ஏறி இறங்குறப்பல்லாம் அதை அறுக்கும் தம்பி. மூணு மாசம், நாலு மாசம். மறுபடி நானே வரணும்."

ராடு ஏன் துருப்பிடிச்சதுன்னு கேட்டேன். ராத்திரி ஃபோர்க்கைத் தூக்கினபடியே ஷட்டர் பக்கம் நிறுத்திட்டுப் போறது. ராடு வெளிய நீட்டிட்டு மழைச் சாரல் வாங்குது. இறக்கி வெச்சா ராடு சிலிண்டருக்குள்ள எண்ணெய்ல முங்கி இருக்கும், துரு கிட்ட வராது. காசு செலவில்லாத பராமரிப்பு இது, எத்தனை இடத்துல பண்றாங்கன்னு தெரு முழுக்கப் பாத்தாலே தெரியும்.

டேங்க்கைத் திறந்தா எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்துச்சு. தண்ணி கலந்ததுக்கு அடையாளம். பழசு வாங்குறவங்க இதைக் கட்டாயம் பாக்கணும். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு ஈக்காட்டுத்தாங்கல் பக்கமெல்லாம் ஏறினது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப வேளச்சேரி, அம்பத்தூர் பக்கம் தண்ணி நின்னது. தண்ணில நின்ன மெஷினை மேல தொடைச்சு பளபளன்னு ஆக்கிடலாம். உள்ள சிலிண்டர் சுவத்துல விழுந்த துருவைத் தொடைக்க முடியாது.

இன்னும் ரெண்டு விஷயம் பாய் சொன்னார். ஒண்ணு, எண்ணெய் கம்மியா இருக்குன்னு கையில கிடைச்ச பிரேக் ஆயிலை ஊத்தக்கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய்க்குன்னு செஞ்ச ரப்பர் அதுல ஊதிக் கெட்டுப்போகும். ரெண்டாவது, பைப்ல லீக் எங்கன்னு விரலால தடவித் தேடக்கூடாது. அழுத்தத்துல இருக்குற எண்ணெய் ஊசித் துளை வழியா வந்தா தோலைத் துளைச்சு உள்ள போயிரும். வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள விரலையே இழக்குற அளவுக்குப் போகலாம். அட்டையை வெச்சுப் பாக்கணும்.

சரி, இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். மாமாவுக்கு வந்த விலை இது. கணக்குக்காக எண்களை முழுசாக்கியிருக்கேன்.

ஒண்ணு, முழு ரிப்பேர். சீல் கிட், எண்ணெய், ராடுக்கு மறுபடி ஹார்டு குரோம், கூலி எல்லாம் சேத்து 14,000. பாய் கணக்குல ரெண்டு வருஷம் வரும்.

ரெண்டு, இன்னொரு பழைய ஸ்டாக்கர் 25,000. மூணு வருஷம் ஓட்டிட்டு 5,000-க்குப் போடலாம்.

மூணு, புதுசு 60,000. பத்து வருஷம் ஓட்டிட்டு 5,000-க்குப் போடலாம்.

மொத்தத் தொகையைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது, வருஷத்துக்கு எவ்வளவுன்னு பாக்கணும். ரிப்பேர் வருஷத்துக்கு 7,000. பழசு 20,000 வகுத்தல் மூணு, சுமார் 6,700. புதுசு 55,000 வகுத்தல் பத்து, 5,500. அப்போ புதுசுதானே லாபம்? இருங்க, முடங்குற பணத்துக்கு வட்டி இருக்கு. 12 சதவீதம்னு வெச்சு, சராசரியா முடங்குற தொகைக்குப் போட்டா ரிப்பேருக்கு 840, பழசுக்கு 1,800, புதுசுக்கு 3,900. கூட்டினா ரிப்பேர் 7,840. பழசு சுமார் 8,500. புதுசு 9,400. ரிப்பேர் ஜெயிச்சிருச்சு!

எக்ஸெல்ல இதைப் போட்டு மாமாகிட்ட காமிச்சேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த ரெண்டு வருஷங்கிறதை எங்கேர்ந்து எடுத்தே?"

பாய் சொன்னது. ரெண்டுக்குப் பதிலா ஒரு வருஷம்தான் ஓடுச்சுன்னா ரிப்பேர் செலவு 14,840-க்குப் போயிரும், மூணுலயும் மோசமா ஆயிரும். புதுசு எட்டு வருஷமா, பன்னெண்டா? அதுவும் ஊகம்தான். அதாவது என் கணக்கு முழுக்க நிக்கிறது அந்த 'எத்தனை வருஷம்' மேல. அதைச் சொல்லக்கூடியது எக்ஸெல் இல்ல, ராடு மேல ஓடின அந்த நகம். கணக்கு தப்பில்ல, ஆனா அது ரெண்டாவது படி. முதல் படி மெஷின்கிட்ட குனிஞ்சு பாக்குறது.

மாமாவுக்கு மனசுல இன்னொரு உறுத்தல். ஸ்டாக்கரை அஞ்சு வருஷம் முன்னாடி 40,000-க்கு வாங்கினார். வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிச்சா புத்தகத்துல இன்னும் சுமார் 17,750 நிக்குது. "பதினேழாயிரம் ரூபா பொருளை எப்படிடா தூக்கிப் போடறது?" இது எல்லாருக்கும் வர்ற கேள்வி. ஆனா அந்தப் பதினேழாயிரம் நோட்டுல மட்டும்தான் இருக்கு. போன வருஷம் மாத்தின சக்கரத்துக்குக் குடுத்த காசும் அப்படித்தான், போனது போனதுதான். தூக்கிப் போடறதால நஷ்டம் உண்டாகுறதில்ல. ஏற்கெனவே ஆன நஷ்டம் அன்னிக்குத்தான் கணக்குல ஏறுது.

அடுத்தது வரி. ரிப்பேர்னா அந்த வருஷமே முழுசா செலவுல எழுதலாம். புதுசுன்னா சொத்து, வருஷா வருஷம் தேய்மானமாத்தான் வரும். ரிப்பேர் எங்க முடியுது, புது சொத்து எங்க ஆரம்பிக்குதுன்னு கோர்ட்டுகள் பல வருஷமா பேசியிருக்கு. 1956-ல பாம்பே உயர் நீதிமன்றம் நியூ ஷராக் மில் வழக்குல ஒரு அளவுகோல் சொல்லுச்சு: ஏற்கெனவே இருக்குற சொத்தைக் காப்பாத்தி வெச்சுக்க ஆகுற செலவுதான் 'நடப்பு பழுது', புது சொத்தைக் கொண்டு வர்றதோ, புது ஆதாயம் அடையறதோ நோக்கமா இருந்தா அது பழுது இல்ல.

நம்ம ஊர் வழக்கே இருக்கு. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ், சென்னை உயர் நீதிமன்றத்துலேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ரிங் ஃபிரேமை மாத்தினதை மில்லோட ரிப்பேரா எடுத்துக்கணும்னு கேட்டாங்க. மில் முழுக்க ஒரே மெஷின் மாதிரி, ரிங் ஃபிரேம் அதுல ஒரு பாகம்ங்கிற வாதம். 2007-ல உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. ரிங் ஃபிரேம் தனக்குன்னு தனி வேலை இருக்குற தனி மெஷின், அதை மாத்தினா பழைய சொத்துக்குப் பதிலா புது சொத்துன்னு சொல்லிருச்சு. ஆனா பழைய பாகம் மார்க்கெட்ல கிடைக்காம அதுக்குப் பதிலா வேற போட்டா கதை வேற. 1967-ல மகாலட்சுமி டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்குல அப்படித்தான் 'நடப்பு பழுது'ன்னு ஒத்துக்கிட்டாங்க. (இதெல்லாம் 1961-க்கும் முந்தின சட்டம், 1961 சட்டம்னு ஓடின வழக்குகள். 2026 ஏப்ரல் 1 முதல்னு தேதி குறிச்சு 2025-ல புது வருமான வரிச் சட்டம் வந்தது. பேரு, நம்பரு மாறினாலும் எது பாகம், எது முழுசுங்கிற கேள்வி போகாது.)

கிளாஸ்ல இதை மனப்பாடம்தான் பண்ணினேன். ஸ்டாக்கர் பக்கத்துல நின்னப்ப பாய் சொன்னதும் இதே மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. அவர் பாஷையில, மெஷின்ல ரெண்டு ஜாதி பாகம் இருக்கு. தேயறதுக்குன்னே பொறந்தது ஒண்ணு: சீல், ஓ ரிங், எண்ணெய், சக்கரம், பேரிங். அது போனா மெஷின் போகல, மாத்திட்டு ஓட்டு. இன்னொண்ணு தாங்குறதுக்குப் பொறந்தது: சிலிண்டர், கம்பம், சங்கிலி, ஃபோர்க், வெல்டு. அது தேய ஆரம்பிச்சா மெஷினே தேயுதுன்னு அர்த்தம்.

தாங்குற பாகத்துக்கு எண்ணும் உண்டு. பெரிய ஃபோர்க்லிஃப்ட்ல ஃபோர்க்கோட முட்டி, அதாவது அது வளையற இடம், 10 சதவீதம் தேஞ்சிருந்தா அதை மாத்தணும்னு விதி. பத்து சதவீதம்தானேன்னு தோணும். ஆனா வளையாம தாங்குற பலம் தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9 பெருக்கல் 0.9, 0.81. பத்து தேஞ்சா கிட்டத்தட்ட இருபது போயிரும். தூக்குற சங்கிலி 3 சதவீதம் நீண்டிருந்தா மாத்தணும். ஒரு மீட்டருக்கு மூணு செ.மீ. டேப் வெச்சு அளந்தா தெரிஞ்சுரும்.

கிரேன், வின்ச், கப்பி மாதிரி தூக்கு இயந்திரங்களை 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஒருத்தர் முழுசா பரிசோதிக்கணும், எவ்வளவு தூக்கலாம்னு அதுமேல எழுதியிருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 29ஆம் பிரிவு சொல்லுச்சு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தோட இடத்துக்குப் புது தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்திருச்சு. அந்தப் பழைய பிரிவோட லிஸ்ட்ல கையால பம்ப் அடிக்கிற ஸ்டாக்கர் பேரு கிடையாது. இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு நாள் குனிஞ்சு பாக்குறதுக்கு யாரும் சட்டம் போட வேண்டியதில்ல.

அப்படிக் குனிஞ்சு பாத்ததுலதான் எங்க கதை மாறுச்சு. மாமா ரிப்பேருக்கு சரின்னுட்டார். ராடைக் கழட்டுறதுக்கு முன்னாடி பாய் ஃபோர்க் வெல்டு பண்ணியிருக்குற இடத்துல கிரீஸைத் தொடைச்சுட்டு நின்னுட்டார். பெயின்ட்ல மயிரிழை மாதிரி ஒரு கோடு. பையிலேர்ந்து ரெண்டு ஸ்பிரே டப்பா எடுத்தார். பெயின்டைச் சுரண்டி, சுத்தம் பண்ணி, சிவப்புச் சாயம் அடிச்சு, கொஞ்ச நேரம் விட்டுத் தொடைச்சு, மேல வெள்ளைப் பவுடர் அடிச்சார். வெள்ளை மேல ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்துச்சு, ஒரு விரல் நீளம். விரிசலுக்குள்ள போன சாயம் வெளிய வருது.

அதைவிட மோசம், பெயின்ட் சுரண்டின இடத்துல இன்னொரு பழைய வெல்டு. ஏற்கெனவே ஒரு தடவை விரிஞ்சு, யாரோ பத்த வெச்சு, கிரைண்டர் போட்டு, மேல மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்காங்க. மாமா வாங்கினப்பவே அது அப்படித்தான் வந்திருக்கு. "புதுப் பெயின்ட் வாசனையோட வந்துச்சு"ன்னு மட்டும் மாமா சொன்னார்.

நான் ஹெல்பர் அண்ணனைப் பாத்தேன். தினமும் இதை ஓட்டுறது அவர்தான், ஆனா ரிப்பேரா புதுசான்னு இத்தனை பேச்சுல யாரும் அவரைக் கேக்கல. அவர் ஓரமா சாத்தி வெச்சிருந்த மரக்கட்டையைக் காட்டினார். "ஆறு மாசமாவே சரியில்ல தம்பி. அதான் தூக்கினதும் அடியில இந்தக் கட்டையை முட்டு குடுத்துட்டுத்தான் கை விடுவேன். காலை உள்ள வெக்கமாட்டேன்."

கார் மெக்கானிக் ஷெட்ல சொல்லித் தர்ற முதல் பாடமே அதுதான்: ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும், தாங்குறதுக்கு ஸ்டாண்டு. யாரும் சொல்லித் தராமயே அவர் அதைப் பண்ணியிருக்கார். ஆனா என் எக்ஸெல்ல அந்தக் கட்டைக்கு ஒரு வரி கிடையாது. ஆறு மாசமா அந்த மெஷினோட குறையை ஒரு மனுஷன் தன் ஜாக்கிரதையால ஈடுகட்டிட்டு இருந்தார். மெஷின் 'ஓடிட்டு'தானே இருக்குன்னு நாங்க நினைச்சோம்.

வெல்டு விரிசலைப் பாத்தப்புறம் பேச்சே இல்ல. "இதை நான் மறுபடி பத்த வெக்கமாட்டேன் சார். வேற ஆள் பண்ணுவான். நான் மாட்டேன்"னுட்டார் பாய். அன்னிக்குப் பாத்ததுக்கு ஐநூறு ரூபா மட்டும் வாங்கிக்கிட்டார். 14,000 ரூபா வேலையை அவரே வேணாம்னு விட்டுட்டுப் போனார்ங்கிறதை இங்க சொல்லியே ஆகணும். மாமா புதுசுக்கு ஆர்டர் போட்டார்.

இத்தோட முடிஞ்சிருந்தா இது பாடப் புத்தகக் கணக்குதான். பழசை என்ன பண்றதுங்கிற கேள்வி மிச்சம் இருந்துச்சே.

பழைய மெஷின் வாங்கி விக்கிற ஒரு புரோக்கர் வந்தார். சுத்தி வந்து பாத்துட்டு 15,000 சொன்னார். விரிசலை மாமா காமிச்சார். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் சார், ஒரு வெல்டு, ஒரு கோட்டு பெயின்ட்." காயலான் கடையில எடைக்குப் போட்டா அஞ்சாயிரத்துச் சொச்சம். வித்தியாசம் பத்தாயிரம். மாமாவுக்கு பத்தாயிரம் சின்னத் தொகை இல்ல, அந்த மாசம் கரண்ட் பில்லே பாக்கி. நாம பொய் சொல்லலையே, விரிசலைச் சொல்லிட்டுத்தானே விக்கிறோம், அப்புறம் அவர் பாடுன்னு ஒரு வாதமும் இருக்கு. சட்டமாப் பாத்தா அது நிக்கவும் நிக்கலாம்.

மாமா ரெண்டு நாள் எடுத்துக்கிட்டார். நான் ஒண்ணும் சொல்லல, சொல்ற வயசும் இல்ல. மூணாவது நாள் கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிட்டு ரெண்டு ஃபோர்க்கையும் வெட்டச் சொன்னார். "ஆடி மாசத் தள்ளுபடி மாதிரி எனக்கு ஒருத்தன் குடுத்தான்ல, அதையே நான் எங்கியோ ஒரு ஷெட்டுக்குக் குடுக்கணுமா? அங்க கட்டை வெக்கிற ஆள் இருப்பானான்னு எப்படித் தெரியும்?" அவ்வளவுதான் சொன்னார்.

ரிப்பேரா மாத்துறதாங்கிறதை நம்ம ஷெட்டுக்குள்ள முடியற கேள்வியாத்தான் பாடத்துல சொல்லித் தர்றாங்க. கடைசி வரியில 'கழிவு மதிப்பு'ன்னு ஒரு எண் வரும், அதைக் கழிச்சுட்டுக் கணக்கை மூடிருவோம். ஆனா அந்த எண்ணுக்குப் பின்னாடி நிறைய வாட்டி இன்னொரு ஷெட் இருக்கு, அங்க மெஷினை ஓட்ட ஒரு ஆள் இருக்கார். நாம மாத்த முடிவு பண்ற மெஷின் அங்க 'நல்ல கண்டிஷன்ல' போய் நிக்கும். சீல் போன மெஷினை, சீல் போச்சுன்னு சொல்லி தாராளமா விக்கலாம், வாங்குறவர் மாத்திக்குவார். அதனாலதான் பழைய மெஷின் வியாபாரம் நல்ல வியாபாரம். புதுசு வாங்க முடியாத எத்தனையோ சின்ன யூனிட் அதுலதான் நிக்குது. தாங்குற பாகம் போன மெஷினை முழு உருவத்தோட வெளிய விடக்கூடாது. எடைக்குப் போடணும், போடறதுக்கு முன்னாடி வெட்டிடணும்.

வாங்குற பக்கம் இருக்குறவங்களுக்கு, பாய்கிட்ட நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா: ராடுல நகத்தை ஓட்டிப் பாருங்க. எண்ணெயோட நிறத்தைப் பாருங்க. சுமையைத் தூக்கிட்டு, கீழ யாரும் நிக்காம, கால் மணி நேரம் விட்டு அளந்து பாருங்க. சங்கிலியை அளங்க. புதுப் பெயின்ட் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, வெல்டு இருக்குற இடத்துல சுரண்டிப் பாக்க அனுமதி கேளுங்க. சுரண்ட விடமாட்டேன்னா அதுவே பதில். எல்லாத்துக்கும் மேல, முடிஞ்சா அதை ஓட்டின ஆள்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. முதலாளிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

அந்த சனிக்கிழமை டேலியில என்ட்ரியை நான்தான் போட்டேன். புத்தக மதிப்பு 17,750, வித்தது 5,200, சொத்து விற்பனையில நஷ்டம் 12,550. ஆடிட்டர் வந்தா "ஏன் சார் இவ்வளவு கம்மியா போட்டீங்க"ன்னு கேப்பார்னு நெனைக்கிறேன். விவரம் எழுதுற இடத்துல 'வெட்டி எடைக்குப் போட்டது'ன்னு எழுதி வெச்சிருக்கேன். மாமா பாத்தார், மாத்தச் சொல்லல.